கழிக்காத எடை

கல்யாணமான புதிதில் தராசுக்காரரின் மனைவி தன் பிறந்த வீட்டில் சொன்ன முதல் புகார், இந்த மனுஷனோடு கடைக்குப் போனால் மானம் போகிறது என்பதுதான். தக்காளி வாங்கப் போனால் மற்றவர்கள் தக்காளியைப் பார்ப்பார்கள். இவர் தராசைப் பார்ப்பார். வெறும் தட்டில் முள் நடுவில் நிற்காவிட்டால் அவருக்குப் பொறுக்காது. கடைக்காரர் முறைத்தாலும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும், சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்துக்கொண்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். தராசு சரியானதும் கையைத் துடைத்துக்கொண்டு, தக்காளியை மறந்துவிட்டு வீடு வந்து சேருவார்.

அவர் வேலை பார்த்தது, எடைக்கருவிகளைச் சரிபார்த்துத் தரும் ஒரு சின்னக் கம்பெனியில். நகைக்கடைத் தராசிலிருந்து லாரியோடு சேர்த்து நிறுக்கும் எடைமேடை வரை எல்லாம் அவர் கைக்கு வரும். அவரிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே மெத்தென்ற துணியில் குழி குழியாக அமைத்து, பெரிய எடைக்கல் முதல் நகக்கண் அளவு எடைக்கல் வரை வரிசையாகப் படுத்திருக்கும். அவற்றை வெறுங்கையால் தொட மாட்டார். விரல் பட்டால் வேர்வை ஒட்டும், வேர்வைக்கும் எடை உண்டு என்பார். எதை நிறுத்தாலும் முதலில் வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட வேண்டும், அப்போதுதான் உள்ளே இருப்பதன் நிஜம் தெரியும் என்பது அவருக்கு வேதவாக்கு. பின்னால் அவருக்கு வந்த வினையெல்லாம் இந்த வேதவாக்கிலிருந்து வந்ததுதான்.

மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் தையல்காரி. இரண்டு பேரும் பிள்ளைக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். கடைசியில் அவள் உண்டாகி ஆறு மாதம் முடிந்து சில நாள் ஆகியிருந்தபோது, ஒரு மத்தியானம் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் போன் செய்தாள். "என்னமோ சரியில்லங்க. சீக்கிரம் வாங்க." அவர் அப்போது ஒரு மாவு மில்லில் தராசைப் பிரித்துப் போட்டிருந்தார். பிரித்தது பிரித்தபடி கிடக்க, அப்படியே ஓடினார். அவர் வாழ்க்கையில் பாதியில் விட்டுவிட்டு வந்த ஒரே தராசு அதுதான்.

பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்துவிட்டது. அழவில்லை. அழுவதற்கு வேண்டிய காற்றே அதற்குள் இல்லை. ஏந்திய துணியோடு நர்ஸுகள் ஓடினார்கள். மூக்கிலும் வாயிலும் குழாய் வைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மெஷினோடு சேர்த்துவிட்டார்கள். தராசுக்காரர் முழங்கை வரை கை கழுவி, மேலங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது, அவர் உள்ளங்கையும் நாலு விரலும் சேர்ந்த அளவுக்கு ஒரு உயிர் கிடந்தது. தோல் வழியாக உள்ளே ஓடும் நரம்பு தெரிந்தது. அந்த வார்டின் மூத்த நர்ஸை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். எடை எவ்வளவு என்று அவளிடம் கேட்டார்.

"அறுநூத்தி இருபது கிராம்."

"கீழ போட்ட துணிய கழிச்சீங்களா?"

"கழிச்சாச்சு."

"இந்தக் குழாயெல்லாம்?"

"தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் போட்டோம்."

"மெஷின கடைசியா எப்போ செக் பண்ணாங்க?"

பெரிய சிஸ்டர் தன் சர்வீஸில் மயங்கி விழுந்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறாள், சாமியோடு சண்டை போட்ட அப்பாக்களைப் பார்த்திருக்கிறாள். தராசின் மேல் பழி போட்ட அப்பாவை அன்றைக்குத்தான் பார்த்தாள். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்குக் காலைல மெஷின தொடைக்க வெளிய எடுப்போம். அப்போ வந்து பாத்துக்கோங்க" என்றாள்.

மறுநாள் காலை அவர் மரப்பெட்டியோடு வந்தார். எடைக்கற்களைச் சுத்தமான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத்தான் வைக்க வேண்டும் என்று பெரிய சிஸ்டர் சொல்லிவிட்டாள். சரி என்று முதலில் வெறும் உறையை நிறுத்துக் கழித்தார். பிறகு ஐந்நூறு, அதன் மேல் நூறு, அதன் மேல் இருபது. மெஷினின் சின்னத் திரையில் அறுநூற்று இருபது என்று வந்து நின்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். தட்டின் ஓரத்தில் வைத்தார், நடுவில் வைத்தார். அது இம்மி பிசகவில்லை.

தராசு சரியாக இருந்தது. வாழ்நாளெல்லாம் தராசு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஊரோடு சண்டை போட்ட மனுஷன், இந்த ஒன்று மட்டும் தப்பாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதார். பெரிய சிஸ்டர் எடைக்கற்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் எடுத்து வைத்தாள். வெறுங்கையால்தான் வைத்தாள். அவர் தடுக்கவில்லை.

டாக்டரம்மா பூசி மெழுகும் ரகம் இல்லை. இருவரையும் உட்கார வைத்து நேராகச் சொன்னாள். "பிழைக்கிறது ஒரு மலை. பிழைச்சப்புறம் கண்ணு, காது, நுரையீரல், மூளை, கை கால் எல்லாம் எப்படி வருதுங்கறது அடுத்த மலை. ரெண்டாவது மலையப் பத்தி இப்போ என்கிட்ட கேக்காதீங்க. நான் சொல்றது எதுவும் உறுதியா இருக்காது." மனைவி தலையாட்டினாள். தராசுக்காரருக்கு உறுதியில்லாத பேச்சே பிடிக்காது. ஆனால் பொய் சொல்லாத ஆளைப் பிடிக்கும். அதனால் அவரும் தலையாட்டினார்.

முதல் மலையே லேசில் ஏற முடிகிற மலையாக இல்லை. பிறந்த எடையிலிருந்து குழந்தை இன்னும் குறைந்தது. அது வழக்கம்தான் என்றார்கள். வழக்கமானது எல்லாம் வலிக்காமல் இருக்கிறதா என்ன. தலைக்குள் ஒரு சின்னக் கசிவு என்று ஸ்கேனில் தெரிந்தது, பிறகு நின்றுவிட்டது. மூச்சு விடவே மறந்துபோய்க் குழந்தை நிறுத்திக்கொள்ளும், மெஷின் கத்தும், பெரிய சிஸ்டர் உள்ளங்காலை லேசாகச் சுண்டுவாள், மறுபடி ஞாபகம் வந்ததுபோல் மூச்சு வரும். விழித்திரையில் கோளாறு வந்து லேசர் வைத்தார்கள். அம்மாவின் பால் சொட்டுச் சொட்டாகக் குழாய் வழியாக இறங்கியது. ஒவ்வொரு நாளும் எடை போடும் நேரத்துக்குத் தராசுக்காரர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிடுவார். ஐந்து கிராம் கூடியிருந்தால் அன்றைக்கு முழுக்க எதிரில் வருகிறவர்களிடம் எல்லாம் நன்றாகப் பேசுவார்.

கொஞ்சம் தேறியதும், குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மனைவி தன் கணவரின் பழைய சட்டை ஒன்றை வெட்டி, உள்பக்கம் மெல்லிய துணியில் ஒரு பை வைத்துத் தைத்தாள். அதில் குழந்தையைப் போட்டுக்கொண்டு அவர் சாய்வு நாற்காலியில் அசையாமல் உட்காருவார். அவர் மூச்சு சீராக இருந்தால் அதன் மூச்சும் சீராகிறது என்பதை மெஷினின் கோட்டைப் பார்த்து அவரே கண்டுகொண்டார். அப்புறம் இருமக்கூட மாட்டார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்து முழுங்குவார். அந்த வார்டில் இருப்பதிலேயே சின்னதுக்கு, பெரிய சிஸ்டர் வேண்டுமென்றே குண்டுமணி என்று பெயர் வைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்குப் போகிற அன்றைக்கு டாக்டரம்மா சொன்னாள்: "இவ தவழல, நடக்கலன்னு மத்த பிள்ளைங்களோட ஒப்பிட்டுப் பயப்படாதீங்க. மூணரை மாசம் முன்னாடி வந்துட்டா இல்லையா, வயச எண்ணும்போது அத கழிச்சுட்டுப் பாருங்க. ரெண்டு வயசு வரைக்கும் அப்படித்தான் பாக்கணும்."

தராசுக்காரரின் முகம் அன்றைக்கு மலர்ந்ததைப்போல் அவர் கல்யாணத்தன்றுகூட மலரவில்லை. கழிப்பதுதான் தொழிலே. இது அவருக்குப் புரிகிற பாஷை. அந்த சந்தோஷத்தில், கடைசியாக டாக்டரம்மா சொன்ன இரண்டு வயசுக் கணக்கு மட்டும் ஒரு காதில் ஏறி மறு காதில் இறங்கிவிட்டது.

குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கிசுகிசுவென்றுதான் பேச வேண்டியிருந்தது. வாசலில் கை கழுவும் மருந்து வைத்திருந்தார். குழந்தையின் அத்தை, அதாவது அவருடைய சொந்த அக்கா, பிறவியிலேயே உரத்த தொண்டை. அவளை வெளிக் கதவோடு நிறுத்தி ஜன்னல் வழியாகக் காட்டி அனுப்பினார். "உன் பிள்ளைய நீயே பொத்தி வச்சுக்கோடா" என்று அவள் ரோஷத்தோடு போய், ஒரு வருஷம் திரும்பியே பார்க்கவில்லை.

குண்டுமணி உட்காரத் தாமதமானபோது கழித்துப் பார்த்தார், சரியாக இருந்தது. நடக்கத் தாமதமானபோது கழித்துப் பார்த்தார், கழித்தும் சரியாக வரவில்லை. குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில்தான் நின்றாள். இயன்முறை மருத்துவர் சொல்லித்தந்தபடி அம்மா தினமும் காலை நீட்டி, மடக்கி, பிசைந்துவிடுவாள். வலியில் குழந்தை அழும், அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே விடாமல் பிசைவாள். அந்தப் பாட்டைக் கேட்கச் சகிக்காது, ஆனால் வேலை நடந்தது. இரண்டு வயசு தாண்டி ஒரு நாள், தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கையை விட்டுவிட்டு, தரையில் கிடந்த நூல்கண்டை எடுக்க நடந்துபோனாள். நூல்கண்டை எடுத்துக்கொண்டு திரும்பியும் வந்தாள். தராசுக்காரர் தன் அக்காவுக்குப் போன் போட்டு, அவரே உரத்த குரலில் கத்தினார்.

கழிப்பதை அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பள்ளியில் ஒரு வகுப்பைக் கழித்து, கீழ் வகுப்பில் சேர்த்தார். கணக்கில் மார்க் குறைந்தால், கழித்துப் பார்த்தால் நல்ல மார்க்தான் என்றார். கண்ணுக்குப் போட்ட தடித்த கண்ணாடியைக் கழித்தார், மூச்சிழுப்பு வந்து படுத்த நாட்களைக் கழித்தார். வயசு கேட்டால் உண்மை வயசைச் சொல்ல மாட்டார். எல்லாவற்றுக்கும் மேல், பிறந்தநாளையே கழித்தார். குழந்தை பிறந்த தேதி வந்தால் வயிறு சரியில்லை என்பார். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். மூன்றரை மாதம் கழித்து, டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்திருந்த நாளில்தான் அந்த வீட்டில் கேக் வெட்டினார்கள். நியாயமாக அன்றைக்குத்தானே வந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

"நீங்க கழிச்சுக்கிட்டே இருங்க. அவ பாட்டுக்கு வளர்ந்துக்கிட்டே இருக்கா" என்றாள் மனைவி. தையல்காரிக்குத் தெரியாதா, ஒவ்வொரு வருஷமும் அளவெடுத்துப் பாவாடையை இறக்கித் தைப்பது அவள்தானே.

பள்ளி விளையாட்டு விழாவில்தான் முதல் வெடி வெடித்தது. குண்டுமணிக்கு அப்போது ஒன்பது வயசு. ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். தராசுக்காரர் முன்கூட்டியே போய் விளையாட்டு வாத்தியார் காதில் கதை முழுவதையும் ஓதிவிட்டார். வாத்தியார் இளகிய மனசுக்காரர். மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு தனிக் கோடு கிழித்து அவளை அங்கே நிற்க வைத்தார். ஓடினாள், முதலாவதாக வந்தாள். கை தட்டினார்கள். கோப்பையைக் கையில் வாங்கியவள், இரண்டாவதாக வந்த பெண்ணிடம் நடந்துபோய் அதை அவள் கையில் திணித்துவிட்டு, அப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: "எனக்கு மட்டும் ஏம்ப்பா கோடு முன்னாடி?"

அவர் ஏதோ சொல்லி மழுப்பினார். பிள்ளைக்கு நல்லது செய்யப்போய்க் கெட்ட பேர் வாங்கியதாக நினைத்துக்கொண்டார். தப்பு எங்கே என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. அன்புதான் கண்ணை மறைக்கிற பெரிய திரை, அதில் மாட்டிக்கொண்ட எந்தப் பெற்றோரைத்தான் குறை சொல்ல முடியும். ஆனாலும் இவரைக் கொஞ்சம் குறை சொல்லத்தான் வேண்டும்.

சளி பிடித்து, மார்பு கட்டி, வீட்டோடு கிடக்கும் நாட்களில் குண்டுமணிக்கு ஜன்னல்தான் உலகம். எதிர்த் தெருவில் ஒரு பெரிய கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் டவர் கிரேன் ஒன்று ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு நின்றது. காலையில் ஒரு ஆள் ஏணியில் ஏறி, உச்சியில் இருக்கும் சின்னக் கேபினுக்குள் போய் உட்காருவான். அதற்குப் பிறகு கம்பிக்கட்டும் கான்கிரீட் வாளியும் பறவை இறகுபோல மெல்ல மேலே போகும், போய் நினைத்த இடத்தில் சத்தமில்லாமல் உட்காரும். மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளி முடித்தபோது என்ன படிக்கப்போகிறாய் என்று அத்தை கேட்டாள். "கிரேன் ஓட்டப் போறேன் அத்தை." அத்தை தன் பிறவித் தொண்டையில் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. தராசுக்காரர் சிரிக்கவில்லை. அவர் ஏணியை நினைத்துக்கொண்டார்.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நுரையீரல் டாக்டரிடம் தானே போய்க் குழாயில் ஊதிக் காட்டினாள். "மத்தவங்க அளவுக்கு இல்ல. ஆனா இந்த வேலைக்குப் போதும். வேகமா ஏறாத, நின்னு நின்னு ஏறு" என்றார் அவர். கண் டாக்டர் கண்ணாடியோடு பரிசோதித்துத் தூரம், ஆழம் எல்லாம் சரி என்றார். பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். தோழிகள் சினிமா பார்க்கிற நேரத்தில் அவள் காற்றின் வேகத்தையும் சுமையின் ஆட்டத்தையும் படித்தாள்.

ஆனால் நிலையத்தில் மற்றவர்கள் எல்லாம் மேலே ஏறிப் பழகினார்கள். அவளுக்கு மட்டும் தரையில் நின்று ரிமோட்டில் இயக்கும் குட்டி கிரேனைக் கொடுத்தார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பயிற்சியாளரிடம் போய் நேராகக் கேட்டாள். அவர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "உங்க அப்பா வந்து சொன்னாரும்மா. பிறந்தப்போ உன் நிலைமை, மூச்சு, கால்... கொஞ்சம் விட்டுக்கொடுத்து நடத்துங்கன்னு கேட்டுக்கிட்டாரு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அங்க போய் என்ன சொன்னீங்க?"

"உன் நல்லதுக்குத்தாம்மா. அவருக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா, நீ எப்படிப் பிறந்தேன்னு."

"நான் எப்படிப் பிறந்தேன்னு எனக்கு ஞாபகம் இல்லப்பா. உங்களுக்குத்தான் மறக்க மாட்டேங்குது." அவள் குரல் உயரவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் குரல் உயராது, அது அவள் கைக்குழந்தையாக இருந்த காலத்துப் பழக்கம். "ஊர்ல எல்லாத் தராசையும் சரி பண்றீங்க. என்னைய மட்டும் ஒரு தடவையாவது எதையும் கழிக்காம நிறுத்துப் பாத்திருக்கீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "என்னைய பாக்காதீங்க. நான் எப்பவோ சொல்லிட்டேன்" என்றாள். அன்றிலிருந்து மகள் அவரிடம் சோறு போடட்டுமா, கதவைப் பூட்டவா என்பதற்கு மேல் பேசவில்லை. தன் பொறுப்பில்தான் ஏறுகிறேன் என்று பயிற்சியாளரிடம் எழுதிக் கொடுத்து மேலே ஏறிப் பழகினாள். தேர்வில் தேறினாள். வேலையும் கிடைத்தது. எந்த இடம், என்ன கிரேன் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. போய்ச் சொல்லி வைத்துவிடுவாரே என்ற பயம். வீட்டுக்குள்ளேயே மகள் பேசாமல் நடமாடுவதுதான் தராசுக்காரருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோதுகூட அவள் இவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இப்படியே மாதங்கள் போன பிறகு, முதலாளி அவரைக் கூப்பிட்டார். ஒரு கட்டட வேலையில் புதிதாக டவர் கிரேன் நிறுத்தியிருக்கிறார்கள், சுமை காட்டும் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று தெரிந்த எடையைத் தூக்கிச் சோதித்துத் தர வேண்டும். காற்று பலமாக அடித்ததில் சோதனை இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. கடைசியில் குறித்த நாள், அவர் வருஷா வருஷம் போர்வைக்குள் கழிக்கும் அதே நாளாக இருந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். முதலாளி மசியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டே, இரும்பு எடைக்கட்டிகள் ஏற்றிய லாரியில் போய் இறங்கினார்.

தலைக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு கிரேனின் அடிக்குப் போனபோது, அங்கே தடித்த கண்ணாடி போட்ட ஒரு சின்ன உருவம் ஏணிக்குப் போகும் கதவருகில் இடுப்பு வாரை இறுக்கிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்தாள். ஒரு கணம் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். மகளின் கண்ணில் பயம் இருந்தது. அது உயரத்தைப் பற்றிய பயம் இல்லை. இந்த மனுஷன் வாயைத் திறக்கப் போகிறார் என்கிற பயம்.

தளத்தின் மேற்பார்வையாளருக்கு இவர்கள் யார் என்று தெரியாது. அவர் வேலைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. தராசுக்காரர் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் கேட்டார்: "அந்தப் பொண்ணுதான் இன்னிக்கு ஆபரேட்டர். இவ்ளோண்டு இருக்கா. நீங்க எத்தனையோ தளம் பாத்தவரு, சொல்லுங்க, இதெல்லாம் இவளால முடியும்னு நினைக்கிறீங்களா? வேணும்னா வேற ஆள் இருக்கான்."

கேள்வி தானாக வந்து மடியில் விழுந்தது. ஒரு வார்த்தை போதும். மூச்சு, கால், அறுநூற்று இருபது கிராம், எதைச் சொன்னாலும் அவள் தரையிலேயே நின்றுவிடுவாள். பத்திரமாக நின்றுவிடுவாள். அதற்கப்புறம் அவரிடம் எப்போதும் பேச மாட்டாள். தராசுக்காரரின் நாக்கு நுனி வரை வந்தது. அவர் அதை, அந்த நாட்களில் தும்மலை முழுங்கிய மாதிரி முழுங்கினார்.

"அவங்கதானே ஓட்டப் போறாங்க, அவங்களையே கேளுங்க. எனக்குத் தெரிஞ்சது எடை மட்டும்தான்."

மேற்பார்வையாளர் அவளைக் கேட்டார். "முடியும் சார்" என்றாள். கதவைத் திறந்து ஏற ஆரம்பித்தாள்.

ஏணி கூண்டுக்குள் மேலே மேலே போனது. நடுநடுவே நிற்பதற்குத் தட்டு இருந்தது. முதல் தட்டில் நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். ஏறினாள். அடுத்ததில் நின்றாள். தரையில் அண்ணாந்து நின்ற தராசுக்காரர் தன்னை அறியாமல் மெல்ல, சீராக, ஆழமாக மூச்சு விட ஆரம்பித்திருந்தார். அவ்வளவு உயரத்தில் இருக்கிறவளுக்கு இவர் மூச்சு எங்கே கேட்கப் போகிறது. கேட்காது என்று அவருக்கும் தெரியும். இருந்தும் விட்டுக்கொண்டே இருந்தார். கேபின் கதவு மூடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் கழுத்தை இறக்கினார்.

எடைக்கட்டிகளை இரும்புச் சட்டத்தில் அடுக்கிச் சங்கிலி போட்டுக் கொக்கியில் மாட்டினார்கள். மேற்பார்வையாளர் வாக்கி டாக்கியைத் தராசுக்காரர் கையில் கொடுத்தார். அதில் மகளின் குரல் வந்தது. பல மாதத்துக்குப் பிறகு அவரோடு பேசுகிற குரல்.

"சுமை எவ்வளவுன்னு சொல்லுங்க."

"ரெண்டாயிரம் கிலோ."

"சட்டம், சங்கிலி சேர்த்தா?"

"அதையெல்லாம் கழிச்சுத்தான் சொன்னேன். கட்டி மட்டும் ரெண்டாயிரம்."

அவள் நிதானமாகச் சொன்னாள்: "இங்க அப்படிக் கணக்கு கிடையாது. கொக்கியில தொங்கறது எல்லாமே சுமைதான். சட்டத்தையும் நான்தான் தூக்கறேன், சங்கிலியையும் நான்தான் தூக்கறேன். எதையும் கழிக்காம சொல்லுங்க."

முப்பது வருஷத் தொழிலில் ஒருத்தரும் தராசுக்காரரிடம் இப்படிக் கேட்டதில்லை. கண்ணாடிப் பெட்டி, லேசர், அழுதுகொண்டே நீட்டிய கால், படுத்த நாட்கள் எல்லாவற்றையும் பாத்திரத்தின் எடை என்று எடுத்தெடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அத்தனையையும் சேர்த்துத்தான் அவள் இந்த ஏணியில் ஏறியிருக்கிறாள். மனதுக்குள் சட்டத்தையும் சங்கிலியையும் கூட்டினார்.

"ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது. முழு எடை."

"சரி. தூக்கறேன்."

கயிறு இறுகியது. எடைக்கட்டிகள் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி நின்றன. ஆட்டம் இல்லை. "திரைல ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது" என்றாள். பிறகு மேலே, இன்னும் மேலே கொண்டுபோனாள். நீண்ட கை மெல்லத் திரும்பியது. அத்தனை இரும்பும் தளத்தின் மேல் ஒரு வட்டம் போட்டு வந்து, எடுத்த இடத்திலேயே, தராசுத் தட்டில் அவர் எடைக்கல் வைக்கிற பதத்தில், சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தது. கீழே நின்ற கம்பி கட்டும் ஆட்கள் இரண்டு பேர் விசில் அடித்தார்கள். மேற்பார்வையாளர் வாயைத் திறந்தவர் மூட மறந்துவிட்டார். தராசுக்காரருக்கு அவர்கள் எல்லோரையும் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

சோதனை முடிந்து அவள் நின்று நின்று இறங்கி வந்தாள். முகமெல்லாம் வேர்வை, கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கியிருந்தது. மேற்பார்வையாளர் அறிக்கையில் ஆபரேட்டர் விவரம் குறிப்பதற்காக அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"அட, இன்னிக்குப் பிறந்தநாளா உனக்கு?"

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"ஆமா சார்" என்றார் தராசுக்காரர். "என் பொண்ணுதான். இன்னிக்குத்தான் பிறந்தா. இருபத்தி மூணு வயசு முடியுது." சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

"வயிறு சரியில்லன்னு அம்மா சொன்னாங்களே" என்றாள் மகள்.

"அது போச்சு. போற வழில கேக் வாங்கிட்டுப் போலாம் வா. கடைல நான் தராசப் பாக்க மாட்டேன்."

"பாருங்கப்பா" என்றாள் அவள். "முள்ளு சரியா நிக்குதான்னு ரெண்டு பேருமே பாப்போம்."